11 வெற்றுக் கட்டங்கள்: ஒரு எம்.பி.யின் ஓட்டுப் பதிவைத் தொகுத்தபோது நடந்தது

பின்னணி

கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஒரு வீட்டு மாடியில் ஞாயிறு மாலைகளில் கூடும் வாசகர் வட்டம் எங்களுடையது. எட்டுப் பத்து பேர் வருவோம். வீடு ஓய்வுபெற்ற தலைமையாசிரியை ஒருவருடையது. ஊரே அவரை டீச்சரம்மா என்றுதான் கூப்பிடும். ஒரு கல்லூரி மாணவர், மீன்பிடித் தொழில் செய்யும் ஒருவர், சின்னதாக அச்சகம் நடத்தும் ஒருவர், கூட்டுறவு வங்கியில் 30 வருஷம் கணக்குப் பார்த்து ஓய்வுபெற்ற நான், இன்னும் சிலர்.

ஒரு மக்களவைத் தேர்தலுக்கு நான்கு மாதம் இருக்கும்போது டீச்சரம்மா ஒரு யோசனை சொன்னார். ஐந்து வருஷமாக டெல்லியில் நம் சார்பில் உட்கார்ந்தவர் எதற்கு ஓட்டுப் போட்டார், எதற்குப் போடவில்லை என்று ஒரே தாளில் எழுதி ஊர்க்காரர்கள் கையில் கொடுத்தால் என்ன? எல்லோருக்கும் பிடித்துப்போனது. தெருவில் எம்.பி.யைப் பற்றிப் பேச்சு வந்தால் தொகுதி மேம்பாட்டு நிதியில்தான் போய் நிற்கும். எந்த ஊரில் நிழற்குடை வந்தது, எந்தப் பள்ளிக்கு வகுப்பறை வந்தது என்பதுதான் கேள்வி. வருஷத்துக்கு 5 கோடி ரூபாய் நிதி அது, தெரிந்துகொள்ள வேண்டியதுதான். ஆனால் ஒருவரை எம்.பி.யாக அனுப்புவது முதலில் சட்டம் செய்யத்தானே? அந்த வேலையை அவர் எப்படிச் செய்தார் என்று கேட்கிறவர்கள் குறைவு.

யார் அந்த எம்.பி., எந்தக் கட்சி, எந்தத் தேர்தல் என்பதை இங்கே சொல்லவில்லை. எங்கள் வட்டத்துக்குக் கடலூர், சிதம்பரம், விழுப்புரம், புதுச்சேரி என்று நான்கு தொகுதியிலிருந்தும் ஆட்கள் வருகிறார்கள். நான்கிலும் கடற்கரை உண்டு, நான்கிலும் மீனவர்கள் உண்டு. அந்த நான்கில் ஒன்று என்று வைத்துக்கொண்டால் போதும். எங்கள் கையில் நடந்த தப்பைத்தான் எழுதுகிறேன். இதே வேலையைச் செய்ய நினைக்கும் இன்னொரு ஊர்க்காரருக்கு உதவட்டும் என்பதுதான் எண்ணம்.

முதல் வரைவு

வேலையை மாணவர் எடுத்துக்கொண்டார். கெட்டிக்காரப் பையன், ராத்திரி பகலாக உட்கார்ந்தார். மக்களவையில் நடந்த பேச்சும் நடவடிக்கையும் பதிவான அவைக்குறிப்புகள் எல்லாம் இணையத்தில் இருக்கின்றன. எந்த நாளில் பெயர்வாரியாக வாக்கெடுப்பு நடந்ததோ அந்த நாள் குறிப்பிலேயே யார் ஆம், யார் இல்லை என்ற பட்டியலும் இருக்கும். எங்கள் பகுதிக்குச் சம்பந்தம் உண்டு என்று நாங்களே பேசி முடிவு செய்த 17 வாக்கெடுப்புகளை அவர் எடுத்துக்கொண்டார். ஒவ்வொன்றுக்கும் ஒரு கட்டம். ஆம் என்றால் பச்சை, இல்லை என்றால் சிவப்பு, பெயரே இல்லாவிட்டால் வெறும் கட்டம்.

தாளை விரித்தபோது 6 கட்டத்தில் நிறம் இருந்தது. 11 கட்டம் வெறுமையாக இருந்தது.

மாடியில் கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. அப்புறம் மாணவர், "17இல் 11 தடவை ஓட்டே போடல சார். இதுக்கா அனுப்பினோம்?" என்றார். எனக்கும் கோபம்தான் வந்தது. வங்கியில் ஒரு பேரேட்டில் 11 பதிவு விடுபட்டிருந்தால் முதலில் வவுச்சரைத் தேடச் சொல்பவன் நான். அன்று அதைச் சொல்லவில்லை. கட்டங்களை எண்ணிப் பார்த்து, "எண்ணிக்கை சரிதான் தம்பி" என்று மட்டும் சொன்னேன். எண்ணிக்கை சரிதான். அதற்கு நாங்கள் வைத்த தலைப்புதான் தப்பு: ‘11 முறை ஓட்டுப் போடாத எம்.பி.’

டீச்சரம்மா மட்டும், "அச்சுக்குப் போறதுக்கு முன்னாடி ஒரு வாரம் வெச்சுப் படிப்போம்" என்றார். சரி என்றோம். ஆனால் அன்றே எங்களில் ஒருவர் அந்தத் தாளைக் கைபேசியில் படம் எடுத்துத் தன் வீட்டு வாட்ஸ்அப் குழுவுக்கு அனுப்பியிருந்தார். கெட்ட நோக்கம் இல்லை, பெருமையில் அனுப்பியதுதான். அனுப்பக் கூடாது என்று யாரும் அவரிடம் சொல்லியிருக்கவும் இல்லை.

மூன்றாம் நாள் படம் திருப்பாதிரிப்புலியூர், முதுநகர், பண்ருட்டி என்று சுற்றிவிட்டது. அடுத்த வாரம் ஒரு தெருமுனைக் கூட்டத்தில் எதிர் அணிப் பேச்சாளர் ஒருவர் அந்த 11ஐ மைக்கில் சொன்னார். எங்கள் பெயர் அதில் இல்லை. எண் எங்களுடையது.

அடிக்குறிப்பு

அதற்கு இரண்டு நாள் கழித்து, அந்த எம்.பி.யின் கட்சியைச் சேர்ந்த உள்ளூர்க்காரர் ஒருவர் மாடிக்கு வந்தார். சண்டைக்கு வருகிறார் என்றுதான் நினைத்தோம். அவர் டீச்சரம்மாவிடம் ஆறாம் வகுப்பு படித்தவராம். "வாப்பா, உட்காரு" என்று டீச்சரம்மா டீ கொடுத்தார். அவர் டீயைத் தொடாமல் பையிலிருந்து இரண்டு தாள்களை எடுத்து மேஜையில் வைத்தார். அவைக்குறிப்பின் அச்சுப் பிரதி. ஒரு வாக்கெடுப்புப் பட்டியலின் கடைசிப் பக்கம். பட்டியல் முடிந்து எண்ணிக்கையும் முடிந்த பிறகு, கீழே பொடி எழுத்தில் இரண்டு வரி இருந்தது. அந்த வரியில் விரலை வைத்து, "இதைப் படிங்க டீச்சரம்மா" என்றார்.

சீட்டு மூலம் ஓட்டைப் பதிவு செய்தவர்கள், திருத்திக்கொண்டவர்கள் என்று சில பெயர்கள் அங்கே இருந்தன. நான்காவது பெயர் எங்கள் எம்.பி.யுடையது.

மக்களவையில் பொத்தான் முறையில் ஓட்டுப் போட உறுப்பினர் இரண்டு பொத்தான்களை ஒரே நேரத்தில் அழுத்திப் பிடிக்க வேண்டும். ஒன்று ஓட்டைத் தொடங்கி வைக்கும் பொத்தான், மற்றது ஆம், இல்லை, நடுநிலை மூன்றில் ஒன்று. கையை முன்னமே எடுத்துவிட்டாலோ இயந்திரம் வேலை செய்யாவிட்டாலோ ஓட்டு ஏறாது. அப்போது அவை ஊழியரிடம் சீட்டு வாங்கி எழுதிக் கொடுப்பார்கள். அதனால்தான் சபாநாயகர் முடிவை அறிவிக்கும்போதே ‘திருத்தத்துக்கு உட்பட்டு’ என்று சேர்த்துச் சொல்கிறார். சில நேரம் இயந்திரமே இல்லாமல் முழு வாக்கெடுப்பும் சீட்டில் நடக்கும். புதிய நாடாளுமன்றக் கட்டடத்தில் 2023 செப்டம்பர் 20 அன்று மகளிர் இடஒதுக்கீட்டு மசோதாவுக்கு மக்களவையில் அப்படித்தான் ஓட்டுப் போட்டார்கள். 454 பேர் ஆம், 2 பேர் இல்லை.

ஆக, 11இல் ஒன்று எங்கள் கண் முன்னாலேயே கரைந்தது. வந்தவர் அதற்கு மேல் ஒரு வார்த்தை கடினமாகப் பேசவில்லை. போகும்போது, "மத்த பத்தும் இப்படித்தானான்னு எனக்குத் தெரியாது டீச்சரம்மா, நீங்களே பாருங்க" என்றார். அந்த நேர்மைக்கு நான் இன்னும் அவரை மதிக்கிறேன்.

மீதி பத்து கட்டம்

இந்த முறை ஆளுக்கு இரண்டு கட்டமாகப் பிரித்துக்கொண்டோம். பட்டியலை மட்டும் பார்க்காமல் அன்றைய அவைக்குறிப்பைக் காலையிலிருந்து படிப்பது என்று முடிவு. மூன்று வாரம் பிடித்தது.

முதலில் தெரிந்தது வெளிநடப்பு. வாக்கெடுப்புக்குக் கொஞ்சம் முன்னால் அவைக்குறிப்பில் ஒரு சாய்வெழுத்து வரி வரும்: இந்த நேரத்தில் இன்னாரும் வேறு சில உறுப்பினர்களும் அவையை விட்டு வெளியேறினர் என்று. 10 கட்டங்களில் 7 நாட்களில் அந்த வரி இருந்தது. பெயர் சொல்லப்பட்டவர் எங்கள் எம்.பி.யின் கட்சித் தலைவர். மசோதாவை எதிர்த்துப் பேசிவிட்டு, ஓட்டெடுப்பில் கலந்துகொள்ளாமல் கட்சியாக வெளியே போயிருக்கிறார்கள். அதுவும் ஒரு நிலைப்பாடுதான். சரியான நிலைப்பாடா என்பது வேறு விவாதம். உட்கார்ந்து ‘இல்லை’ என்று பதிவு செய்திருக்கலாமே என்று எனக்குத் தோன்றுகிறது. ஆனால் தூங்கிக்கொண்டிருந்தார் என்று எழுதுவதும் வெளிநடப்புச் செய்தார் என்று எழுதுவதும் ஒன்றல்ல.

இங்கே மாணவர் ஒரு நல்ல சந்தேகம் கேட்டார். அந்த வரியில் தலைவர் பெயர் மட்டும்தானே இருக்கிறது? ‘வேறு சில உறுப்பினர்கள்’ என்பதில் நம்மவர் இருந்தாரா என்று எப்படித் தெரியும்? பதிவை வைத்துச் சொல்ல முடியாதுதான். அதனால் அந்த 7 நாட்களின் வருகைப் பதிவைத் தனியாக எடுத்துப் பார்த்தோம். 6 நாள் வருகை இருந்தது. ஒரு நாள் இல்லை. வருகைப் பதிவிலும் ஒரு விஷயம் உண்டு: காலையில் பதிந்துவிட்டுப் போனவர் மாலை வாக்கெடுப்பில் இருந்தாரா என்று அது சொல்லாது. அமைச்சர்களுக்கும் எதிர்க்கட்சித் தலைவருக்கும் வருகைப் பதிவே கிடையாது, அவர்களுக்குச் சதவீதம் போட்டால் அபத்தமாகிவிடும். அதனால் அந்த 6 கட்டங்களில் ‘கட்சி வெளிநடப்பு, அன்று வருகை பதிவாகியுள்ளது’ என்றும், ஒன்றில் ‘கட்சி வெளிநடப்பு, அன்று வருகை பதிவாகவில்லை’ என்றும் எழுதினோம். அதற்கு மேல் ஒரு சொல் சேர்க்கவில்லை.

இன்னொரு கட்டத்துக்கு விடை அவைக்குறிப்பில் இல்லை. உறுப்பினர்கள் அவைக்கு வராமலிருப்பதைப் பரிசீலிக்கும் குழுவின் அறிக்கையில் இருந்தது. அவையின் அனுமதி இல்லாமல் 60 நாள் வராமலிருந்தால் உறுப்பினர் இடத்தையே காலியானதாக அறிவிக்க அரசியலமைப்பின் 101வது பிரிவில் வழி இருக்கிறது. அதனால் நீண்ட நாள் வர முடியாதவர்கள் விடுப்பு கேட்பார்கள். இவரும் கேட்டிருந்தார், அவை அனுமதித்திருந்தது. காரணமும் அறிக்கையில் இருந்தது, உடல்நலம் சம்பந்தப்பட்டது. அதைத் தாளில் போடுவதா என்று பேச்சு வந்தபோது டீச்சரம்மா, "அவருக்கும் குடும்பம் இருக்கு. அவை அனுமதிச்ச விடுப்புன்னு போட்டாப் போதும்" என்று முடித்துவிட்டார். பொதுவெளியில் இருக்கிற செய்திதானே என்று ஒருவர் வாதாடினார். இருக்கலாம், ஓட்டுப் போடுகிறவருக்கு அந்த நோயின் பெயர் எதற்கு? டீச்சரம்மா சொன்னதுதான் சரி.

மிச்சம் 2 கட்டம். வெளிநடப்பு இல்லை, விடுப்பு இல்லை, சீட்டு இல்லை. ஒன்றில் அன்று காலை வருகைகூடப் பதிவாகியிருந்தது. இரண்டில் ஒன்று எங்கள் கடற்கரை மக்கள் வாழ்க்கையைத் தொடுகிற மசோதா.

ஓட்டுப் பதிவு எவ்வளவு சொல்லும்?

இந்த மூன்று வாரத்தில் எங்களுக்கு வேறொன்றும் உறைத்தது. நிறம் இருந்த கட்டங்கள் இப்போது 7. ஏழிலும் அவர் கட்சி எந்தப் பக்கமோ அந்தப் பக்கம். அவர் கட்சியைச் சேர்ந்த மற்ற உறுப்பினர்களின் பெயர்களையும் பட்டியலில் தேடினோம், ஒருவர்கூட மாறிப் போடவில்லை.

இதில் அவர் குற்றமும் இல்லை, பெருமையும் இல்லை. 1985இல் அரசியலமைப்பின் 52வது திருத்தம் வழியாக வந்த பத்தாவது அட்டவணை, அதாவது கட்சித் தாவல் தடைச் சட்டம், கட்சியின் கொறடா உத்தரவை (இந்தப் பக்கம்தான் ஓட்டுப் போட வேண்டும் என்ற கட்டளையை) மீறி ஓட்டுப் போட்டாலோ, முன் அனுமதி இல்லாமல் ஓட்டுப் போடாமல் இருந்தாலோ பதவியைப் பறிக்கலாம் என்கிறது. 15 நாளுக்குள் கட்சி மன்னித்தால்தான் தப்பலாம். 1992இல் கிஹோட்டோ ஹோலோஹான் வழக்கில் உச்ச நீதிமன்றமும் இந்தச் சட்டம் செல்லும் என்றது. ஆட்களை விலை கொடுத்து வாங்குவதைத் தடுக்க வந்த சட்டம் அது. அதன் இன்னொரு விளைவு, முக்கியமான ஓட்டுகளில் உறுப்பினரின் கை கட்சியின் கையாக இருக்கிறது. ஆகவே ஓட்டுப் பட்டியலை மட்டும் அச்சடித்துக் கொடுத்தால் வாசகருக்குக் கட்சி தெரியும், ஆள் தெரியாது.

அதோடு பெரும்பாலான சட்டங்களில் பெயரே பதிவாவதில்லை. ‘ஆதரிப்போர் ஆம் என்க, எதிர்ப்போர் இல்லை என்க’ என்று கேட்டு, சத்தத்தை வைத்து முடிவு சொல்லும் குரல் வாக்கெடுப்புதான் அதிகம். அதை ஒப்புக்கொள்ளாமல் உறுப்பினர் ஒருவர் எழுந்து பிரித்து வாக்கெடுக்கக் கேட்டால்தான் மணி அடித்து, வாசல் கதவுகளை அடைத்து, பெயர் பதிவாகும். அரசியலமைப்புத் திருத்தம் என்றால் கேட்காமலே அப்படி நடக்கும், அதற்கு சிறப்புப் பெரும்பான்மை எண்ணிக் காட்டப்பட வேண்டும். மற்றபடி கேட்டாலும் கிடைக்கும் என்று சொல்ல முடியாது. 2020 செப்டம்பர் 20 அன்று மாநிலங்களவையில் இரண்டு வேளாண் மசோதாக்கள் குரல் வாக்கெடுப்பில் நிறைவேறின. பிரித்து வாக்கெடுங்கள் என்று எதிர்க்கட்சிகள் கேட்டது பெரும் அமளியில் முடிந்தது. நாடே பேசிய சட்டம், அந்த அவையில் யார் எந்தப் பக்கம் என்று பெயர்வாரியாகக் காட்ட ஒரு பட்டியல் இல்லை.

பெயர் பதிவாகும் ஓட்டு எவ்வளவு கனமானது என்பதும் தமிழ்நாட்டுக்காரர்களுக்குத் தெரியும். 1999 ஏப்ரல் 17 அன்று வாஜ்பாய் அரசு 269க்கு 270 என்று ஒரே ஓட்டில் கவிழ்ந்தது. தமிழ்நாட்டுக் கட்சியான அ.தி.மு.க. ஆதரவை விலக்கிக்கொண்டதால் வந்த வாக்கெடுப்பு அது. அன்று ஒரு கட்டம் வெறுமையாக இருந்திருந்தால் வரலாறே வேறு. அதனால் ஓட்டுப் பதிவு தேவையில்லை என்று நான் சொல்லவில்லை. அது தனியாக நிற்காது என்கிறேன்.

மீனவர் அண்ணன் கேட்ட கேள்வி

அதுவரை அதிகம் பேசாமல் இருந்த மீனவர் அண்ணன் ஒரு நாள், "கட்டமெல்லாம் இருக்கட்டும் சார். எங்க பொழப்பப் பத்தி அவர் வாயத் தொறந்தாரா இல்லையா, அதச் சொல்லுங்க" என்றார். அங்கிருந்துதான் வேலை திசை மாறியது.

உறுப்பினரின் கேள்விகள் எல்லாம் பதிவில் கிடைக்கும். நட்சத்திரக் கேள்விக்கு அமைச்சர் அவையில் எழுந்து வாய்மொழியாகப் பதில் சொல்வார், துணைக் கேள்வியும் கேட்கலாம்; ஒரு நாளைக்கு 20தான். நட்சத்திரமில்லாக் கேள்விக்கு எழுத்தில் பதில், ஒரு நாளைக்கு 230 வரை. எந்தக் கேள்வி பட்டியலில் ஏறும் என்பதைக் குலுக்கல் தீர்மானிக்கிறது. அதனால் எண்ணிக்கையை வைத்து ‘இவர் இத்தனை கேட்டார், அவர் அத்தனை கேட்டார்’ என்று பந்தயம் விடுவதில் அர்த்தம் இல்லை. ஒரே கேள்விக்கு மேல் நான்கைந்து உறுப்பினர்களின் பெயர் சேர்ந்திருப்பதும் உண்டு. எங்கள் எம்.பி.யின் பெயர் இருந்த கேள்விகளில் பாதிக்கு மேல் அப்படிக் கூட்டுக் கேள்விகள். எந்த மாநிலத்துக்கும் பொருந்துகிற பொதுக் கேள்விகள்.

அந்தக் குவியலில் தேடிக்கொண்டிருந்தபோது மீன்பிடித் தடைக்காலம் பற்றி ஒன்று கிடைத்தது. கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது. அந்த நாட்களுக்கான நிவாரணம் பற்றிய கேள்வி, அவர் பெயரில் மட்டும். அமைச்சகத்தின் பதில் பொதுவாக இருந்தது. திட்டத்தின் பெயர், மத்திய மாநிலப் பங்கு, அவ்வளவுதான். வழக்கமாக இத்தோடு நின்றுவிடும். மாணவர் விடாமல் பின்னாலேயே போய், அடுத்த வருஷம் அதே பொருளில் இன்னொரு கேள்வியைக் கண்டுபிடித்தார். முந்தைய பதிலைச் சுட்டிக்காட்டி, பணம் எந்த மாதத்தில் வங்கிக் கணக்குக்குப் போகிறது என்று நேராகக் கேட்டிருந்தது. மூன்றாவதாக, உறுப்பினர்கள் பொதுப் பிரச்சினைகளை எழுப்ப வழி செய்யும் மக்களவை விதி 377இன் கீழ் அதே விஷயத்தை அவையில் எழுப்பியிருந்தார்.

மீனவர் அண்ணன் மூன்றையும் மாணவரைப் படித்துச் சொல்லச் சொல்லிக் கேட்டார். பணம் எந்த மாதம் என்ற வரி வந்ததும், "இது கரைக்கு வந்து கேட்டவன் கேக்குற கேள்வி" என்றார். "தடை முடிஞ்சு வலையைத் தூக்கின பிறகு காசு வந்தா யாருக்கு என்ன புண்ணியம்? அத உள்ள போய்க் கேட்டிருக்காரே."

முதல் வரைவில் இதில் ஒரு எழுத்துகூட இல்லை.

நிலைக்குழு வேலையும் அப்படித்தான் கிடைத்தது. அமைச்சகங்களின் வேலையைத் துறைவாரியாக ஆராயும் நாடாளுமன்றக் குழுக்கள் இவை, மொத்தம் 24. ஒவ்வொன்றிலும் மக்களவையிலிருந்து 21 பேர், மாநிலங்களவையிலிருந்து 10 பேர். தொலைக்காட்சியில் காட்ட மாட்டார்கள், கொறடா உத்தரவும் அங்கே கிடையாது. குழுவின் அறிக்கைக்குப் பின்னால் கூட்ட நடவடிக்கைக் குறிப்பு இணைத்திருப்பார்கள், அதில் யார் வந்தார் என்ற பட்டியல் இருக்கும். எங்களவர் முக்கால்வாசிக் கூட்டங்களுக்குப் போயிருந்தார். டீச்சரம்மா அப்போது எல். இளையபெருமாளைப் பற்றிச் சொன்னார். முதல் மக்களவைக்குக் கடலூரிலிருந்து போனவர் அவர். இன்றைக்கு அவர் பெயரைச் சொல்கிறவர்கள் அவர் போட்ட ஓட்டுகளை வைத்துச் சொல்வதில்லை. தீண்டாமை பற்றி ஆராய 1965இல் அமைத்த குழுவுக்குத் தலைவராக இருந்து 1969இல் கொடுத்த அறிக்கையை வைத்துத்தான் சொல்கிறார்கள்.

அமைச்சர் அல்லாத உறுப்பினர் கொண்டுவரும் தனிநபர் மசோதா எதுவும் எங்கள் எம்.பி. கொண்டுவரவில்லை. அது நிறைவேறுவது அரிது; இரண்டு அவையிலும் கடைசியாக ஒன்று நிறைவேறியது 1970இல். ஆனாலும் 2015இல் மாநிலங்களவையில் திருச்சி சிவாவின் திருநங்கையர் உரிமை மசோதா நிறைவேறியது நம் கண் முன்னால் நடந்ததுதானே. முயன்றிருக்கலாம்.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

சுற்றில் இருக்கும் படத்துக்கு முதலில் திருத்தம் அனுப்புவது என்று முடிவு செய்தோம். சாக்குப்போக்கு இல்லாமல், ‘இந்தத் தாள் எங்களுடையது, 11 என்பதை நாங்கள் தப்பாகப் புரிந்துகொண்டோம்’ என்று என் பெயர் போட்டு எழுதினேன். சரி என்று தலையாட்டியவன் நான்தானே.

இரண்டாவது, விளக்கம் இல்லாத அந்த 2 கட்டம் பற்றி எம்.பி. அலுவலகத்துக்கே கடிதம் எழுதுவது. இதில் எங்களுக்குள் சண்டையே வந்தது. கேட்டால் அவர்களுக்கு வளைந்துகொடுக்கிறோம் என்று ஆகிவிடும் என்றார் மாணவர். கேட்காமல் எழுதினால் மறுபடியும் அதே தப்பு என்றேன். இரண்டு வாரம் அவகாசம் கொடுப்பது, பதில் வந்தாலும் வராவிட்டாலும் அதை அப்படியே பதிவு செய்வது என்று சமரசம் ஆனது.

மூன்றாவது, மேற்கோள். அவர் அவையில் தமிழில் பேசியவை அவைக்குறிப்பில் ஆங்கில மொழிபெயர்ப்பாகத்தான் அச்சாகியிருக்கின்றன. கீழே உடுக்குறி போட்டு, தமிழில் பேசியதன் மொழிபெயர்ப்பு என்று சொல்லியிருப்பார்கள். அதை நாங்கள் மறுபடி தமிழாக்கினால் அது அவர் வாயிலிருந்து வந்த சொல் ஆகாது. அதனால் மேற்கோள் குறி போடாமல் சாரத்தை மட்டும் எழுதினோம். அவர் பெயரை ஆங்கிலத்தில் இரண்டு விதமாக எழுதியிருந்ததால் முதல் தேடலில் சில பேச்சுகள் விடுபட்டிருந்ததும் அப்போதுதான் தெரிந்தது. பேச்சுகளில் பெயருக்குப் பக்கத்தில் தொகுதியின் பெயரும் இருக்கும். தொகுதிப் பெயரை வைத்துத் தேடினால் எல்லாம் வந்துவிடுகின்றன.

நான்காவதை எங்களுக்காக அச்சகக்காரர் எடுத்துவிட்டார். தேர்தல் நேரத் துண்டறிக்கை என்றால் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 127ஏ பிரிவு பொருந்தும்: அச்சடித்தவர், வெளியிட்டவர் இருவர் பெயரும் முகவரியும் தாளில் இருக்க வேண்டும், வெளியிடுபவர் யார் என்று கையெழுத்திட்ட உறுதிமொழி வேண்டும், அவரைத் தெரிந்த இருவர் அதில் சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டும். படிவத்தை எடுத்து மேஜையில் வைத்து, "யார் பேர்ல போடணும் சொல்லுங்க சார், தப்பு வந்தா அவர்தான் பதில் சொல்லணும்" என்றார். அந்தக் கேள்வியை முதல் நாளே யாராவது கேட்டிருந்தால் தாள் மாடியைத் தாண்டியிருக்காது. வெளியிடுபவராக டீச்சரம்மா கையெழுத்துப் போட்டார். சாட்சியாக நானும் இன்னொருவரும்.

பின்னால் நடந்தது

பத்தாம் நாள் எம்.பி. அலுவலகத்திலிருந்து உதவியாளர் தொலைபேசியில் பேசினார். வருகை பதியாத நாளில் தொகுதியில் ஒரு நிகழ்ச்சி இருந்ததாகச் சொன்னார். கடற்கரை மசோதா அன்று அவைக்குப் போனவர் ஏன் ஓட்டுப் போடவில்லை என்பதற்கு, "கேட்டுச் சொல்றேங்க" என்றார். அதற்கப்புறம் அழைப்பு வரவில்லை. எழுத்தில் பதில் கேட்டோம், அதுவும் வரவில்லை.

தாள் நான்கு பக்கமாக அச்சானது, 500 பிரதி. முதல் பக்கத்தில் 17 கட்டம், ஒவ்வொன்றின் கீழும் ஒரு வரி விளக்கம். ஒரு கட்டத்தில் ‘தொகுதி நிகழ்ச்சி என்று அலுவலகம் வாய்மொழியாகக் கூறியது’ என்றும், இன்னொன்றில் ‘கேட்டோம், பதில் இல்லை’ என்றும் இருந்தது. இரண்டாம் பக்கத்தில் கொறடா உத்தரவு என்றால் என்ன என்று பத்து வரி. மற்ற இரண்டும் தடைக்காலக் கேள்விகளுக்கும் நிலைக்குழு வருகைக்கும் போயின.

பேருந்து நிலையத்தில் கொடுத்தபோது பலர் மடித்துப் பையில் வைத்துக்கொண்டார்கள். மீனவர் அண்ணன் தன் ஊர் ஏலக்கூடத்தில் நின்று கொடுத்தார். அங்கே ‘கேட்டோம், பதில் இல்லை’ என்ற வரியைப் பற்றித்தான் பேச்சாம். ஊருக்கு ஓட்டுக் கேட்டு வந்த கட்சிக்காரர்களிடம் இரண்டு பேர் அந்த மசோதாவின் பெயரைச் சொல்லிக் கேட்டிருக்கிறார்கள். ஒரு மசோதாவின் பெயர் சொல்லி எங்கள் கரையில் கேள்வி கேட்டது நான் அறிந்தவரை அதுதான் முதல் தடவை. தேர்தல் முடிவுக்கும் எங்கள் தாளுக்கும் முடிச்சுப் போட நான் தயாரில்லை. 500 தாளுக்கு அவ்வளவு சக்தி இல்லை.

மறுபடி செய்வதாக இருந்தால்

தேர்தலுக்கு நான்கு மாதம் முன்னால் தொடங்க மாட்டோம். ஒவ்வொரு கூட்டத்தொடர் முடிந்த மாதமே அந்தத் தொடரின் கட்டங்களை நிரப்பிவிட வேண்டும். நினைவு பசுமையாக இருக்கும்போது கேட்டால் அலுவலகமும் பதில் சொல்லும், இரண்டு வருஷம் கழித்துக் கேட்டால் அவர்களுக்கே மறந்திருக்கும். மாணவர் இப்போது வேலைக்குப் போய்விட்டார். ஆனாலும் புதிய மக்களவைக்கு ஒரு நீள நோட்டுப் போட்டிருக்கிறார். வெறும் கட்டம் என்று ஒன்று அதில் கிடையாது. குரல் வாக்கெடுப்பு, வெளிநடப்பு, விடுப்பு, சீட்டு, காரணம் தெரியவில்லை என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு குறி. பட்டியலின் அடிக்குறிப்பைப் படித்தேன் என்று படித்தவர் முதலெழுத்துப் போட ஒரு பத்தி.

ஒருவர் தொகுத்ததை இன்னொருவர் மூலப் பதிவிலிருந்து முதலிலிருந்து சரிபார்ப்பார். தொகுத்த தாளை எடுத்துக் கூட்டிப் பார்ப்பது சரிபார்ப்பு ஆகாது. நான் அன்று செய்தது அதைத்தான். 17 வாக்கெடுப்புகளை எந்த அடிப்படையில் தேர்ந்தெடுத்தோம் என்பதையும் தாளிலேயே எழுதியிருக்க வேண்டும். எழுதவில்லை. அதைச் சுட்டிக்காட்டியவர் அடிக்குறிப்பைக் கொண்டுவந்த அதே கட்சிக்காரர்தான், அதிலும் அவர் சொன்னது சரி.

படம் எடுக்கக் கூடாது என்ற விதியும் வந்துவிட்டது. வரைவின் குறுக்கே பெரிதாக ‘சரிபார்க்கப்படாதது’ என்று எழுதித்தான் மாடியில் விரிக்கிறோம்.

பழைய படம் இன்னும் அழியவில்லை. போன மாதம்கூட மீனவர் அண்ணனின் ஊர்க் குழுவில் யாரோ அதே 11ஐப் போட்டிருக்கிறார்கள், வேறு ஒரு எம்.பி.யின் பெயரைச் சேர்த்து. அவர் எங்கள் நான்கு பக்கத் தாளைப் படம் எடுத்து அதற்குக் கீழே போட்டுவிட்டு, முதல் பக்கத்துக் கட்டங்களுக்குக் கீழே இருக்கிற விளக்கத்தைப் பாருங்க என்று குரல் பதிவில் சொல்லியிருந்தார்.